தைப்பட்டத்து விதைகள்

நுழையும்முன்

விதை ஊன்றுவது எளிய செயலாகவே தோன்றும். அதை எந்த நாளில் ஊன்றுவது, எவ்வாறு எழுப்புவது, அதன் அடுத்த தலைமுறையை எவ்வாறு காப்பது என்னும் வினாக்களுக்குள் காலக்கணக்கும் உயிரியலும் ஓர் ஊரின் நினைவும் அடங்கியிருக்கின்றன. பனி தளர்ந்து வெயில் ஏறத் தொடங்கும் நாள்களில் விதையிலிருந்து வீட்டுத் தோட்டம் அமைக்கும் முறையையும், அத்தோட்டம் காக்கவேண்டிய செல்வத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பட்டம் என்னும் காலக்கணக்கு

பழந்தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனிக்கும், மாசியும் பங்குனியும் பின்பனிக்கும், சித்திரையும் வைகாசியும் இளவேனிலுக்கும் உரியவை. இரவின் முற்பகுதியில் பனி பெய்வது முன்பனி. பிற்பகுதியில் பெய்வது பின்பனி. பெயரிலேயே பருவத்தின் போக்கைப் பதிந்துவைத்த நுண்மை இது.

விதைப்புக்கு உரிய காலத்தை உழவர் ‘பட்டம்’ என்பர். ஆடிப்பட்டத்தைத் தேடி விதைக்கச் சொல்லும் பழமொழியை அறியாதார் இலர். தைப்பட்டத்துக்கு அத்தகைய புகழ் இல்லை. எனினும், வீட்டுத் தோட்டத்துக்கு அதனினும் ஏற்ற காலம் அரிது. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்துவிடுகிறது. மண்ணில் ஈரம் எஞ்சியிருக்கிறது. கிணற்றில் நீர் நிற்கிறது. மழைமூட்டம் விலகியதால் இளஞ்செடிக்கு வேண்டிய ஒளி நாள்தோறும் கிடைக்கிறது.

குளிர்நாடுகளில் தோட்டம் இடுவோர் உறைபனி நீங்கும் நாளை எதிர்பார்த்திருப்பர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே வீட்டினுள் சன்னலோரத்தில் தட்டுகளில் விதைத்து நாற்றுகளை ஆயத்தம் செய்துகொள்வர். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளை விலக்கினால் தமிழகத்தில் உறைபனிக்கு இடமில்லை. சமவெளியில் தோட்டம் இடுவோர் அஞ்சவேண்டியது வரவிருக்கும் வெயிலையே. ஆகவே, இங்கு விதைப்பு நாளைச் சித்திரை வெயிலிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கணிக்கவேண்டும்.

தக்காளியைக் கொண்டு இக்கணக்கை அறியலாம். தை முதல் வாரத்தில் விதைத்தால் ஏறத்தாழ 25 நாள்களில் நாற்று நடும் பருவத்தை அடையும். நட்ட ஒரு மாத அளவில் பூக்கத் தொடங்கும். அப்போது மாசி முடிந்து பங்குனி பிறந்திருக்கும். பகலில் வெயில் இருப்பினும் இரவு இன்னும் குளிர்ந்தே இருக்கும். பூ பிஞ்சாவதற்கு அக்குளிர்ச்சி தேவை. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைக் கடந்து இரவும் புழுங்கினால் மகரந்தம் வலுவிழக்கும். பூக்கள் பிஞ்சாகாமலே உதிரும். அதே விதையை மாசி இறுதியில் ஊன்றியவருடைய செடி அக்கினி நட்சத்திர நாள்களில் பூக்கும். செடி தழைத்து நிற்கும்; காய் இராது. உரம் போதவில்லை என்று அவர் எண்ணிக்கொள்வார்.

சுரை, பீர்க்கு, புடல், பூசணி முதலிய கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே தோன்றும். குளிர்ந்த நாள்களில் பெண் பூக்களின் பங்கு கூடும். வெப்பம் மிகும்போது ஆண் பூக்கள் பெருகும். வெண்டைக்கு வெயில் பகையன்று. ஆயினும், வறண்ட கோடையில் பெருகும் வெள்ளை ஈக்கள் மஞ்சள் நரம்புத் தேமல் நோயைப் பரப்புகின்றன. தையிலேயே விதைத்த வெண்டை 45 நாள்களில் காய்ப்புக்கு வந்து, அந்த ஈக்கள் பெருகுமுன் பெரும்பகுதிப் பலனைத் தந்துவிடும். ‘ஆண்டு முழுவதும் விதைக்கலாம்’ என விதைப் பொட்டலங்களில் அச்சிட்டிருப்பது முளைப்பைப் பொறுத்தவரை உண்மையே. முளைப்பது வேறு, காய்ப்பது வேறு.

விதைக்குள் நிகழ்வது

உலர்ந்த விதை இறந்த பொருள் அன்று. அதனுள் கருவும் கருவுக்கு வேண்டிய உணவும் உள்ளன. மூச்சு மிக மெல்லியதாக நடைபெறுகிறது. நீர் பட்டதும் விதை அதை உறிஞ்சிப் பருக்கிறது. உறங்கியிருந்த நொதிகள் விழித்து, சேமிப்பிலுள்ள மாவுப்பொருளையும் கொழுப்பையும் கரைத்துக் கருவுக்கு ஊட்டுகின்றன. முதலில் முளைவேர் வெளிவந்து கீழ்நோக்கிச் செல்கிறது. பின்னரே தண்டு மேலெழுகிறது. முளைவேர் வெளிவந்த பின் ஒருமுறை ஈரம் வற்றினாலும் அவ்வுயிர் மீளாது. விதைத்த முதல் வாரத்தில் ஒருநாள் நீர் தவறுவது, வளர்ந்த செடிக்குப் பலநாள் நீர் தவறுவதைவிடத் தீங்கானது.

இந்நிகழ்வுகளின் விரைவை வெப்பம் முடிவுசெய்கிறது. மிளகாய், கத்தரி, தக்காளி ஆகியவை 25 முதல் 30 டிகிரி செல்சியசு வெப்பத்தில் நன்கு முளைக்கும். தை மாதத்து இரவுகளில், குறிப்பாகக் கொங்கு நாட்டிலும் மலையடிவாரங்களிலும், வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதுண்டு. அப்போது தக்காளி ஒரு வாரத்தில் முளைத்தாலும் மிளகாய் 10, 12 நாள்கள் எடுத்துக்கொள்ளும். விதை பழுதென்று கருதி மண்ணைக் கிளறிப் பார்ப்பவர், முளைக்கவிருந்த விதையையும் கெடுத்துவிடுவர். விதைத்த தட்டை வைக்கோலால் மூடிவைப்பதும், இரவில் அடுக்களைக்குள் எடுத்துவைப்பதும் போதும்.

பாகல், சுரை, பீர்க்கு போன்றவற்றின் விதையுறை தடித்தது. அவற்றை ஓரிரவு நீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் பொட்டணமாகக் கட்டி வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் முளை எட்டிப்பார்க்கும். அந்நிலையில் எடுத்து, முளை முறியாமல் ஊன்றவேண்டும். நெல்லை மூட்டையில் நனைத்து முளைகட்டும் உழவர்முறையின் சிறுவடிவமே இது.

பழைய விதையானால் முதலில் அதன் உயிரைச் சோதித்தறிதல் நன்று. 20 விதைகளை எண்ணி ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டிவைத்து, முளைப்பவற்றை எண்ணவேண்டும். 16 முளைத்தால் நூற்றுக்கு 80 பங்கு உயிருள்ளது எனக் கொள்ளலாம். பாதியே முளைத்தால் இருமடங்கு விதைக்கலாம். இச்சோதனையை ஊர் முழுவதும் கூடிச் செய்ததன் வடிவமே முளைப்பாரி எனக் கருதுவோரும் உளர். அம்மன் கோயில் விழாக்களில் மண்சட்டிகளில் தவசங்களை இட்டு இருண்ட அறையில் முளைக்கவைத்து, பெண்கள் தலையில் சுமந்து ஊர்வலம் செல்வர். எவர் வீட்டு விதை செழித்தது, எவர் வீட்டு விதை சோர்ந்தது என்பதை ஊரே கண்ணால் காணும். முளைப்பாலிகை திருமணச் சடங்கில் இடம்பெற்றதைச் சிலப்பதிகாரமும் காட்டுகிறது.

நாற்றங்காலின் நுட்பங்கள்

எல்லா விதைகளையும் ஒரேமுறையில் விதைத்தல் கூடாது. வெண்டை, அவரை, கொத்தவரை, கொடிவகைகள் ஆகியவற்றின் வேர் இடமாற்றத்தைப் பொறுக்காது. அவற்றை வளரவேண்டிய இடத்திலேயே ஊன்றவேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகிய மூன்றையும் நாற்றுவிட்டு நடுவதே முறை. கீரைவிதை மிகச் சிறியது. அதனோடு நான்கைந்து மடங்கு மணலைக் கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாமல் பரவும். சிறுகீரையை 25 நாள்களில் பிடுங்கிச் சமைக்கலாம். தோட்டம் இட்டவர் முதன்முதலாக உண்ணும் பயிர் பெரும்பாலும் அதுவே.

நாற்றங்காலுக்குச் செம்மண்ணும் மணலும் நன்கு மக்கிய எருவும் சம அளவில் கலந்த கலவை போதுமானது. மாடியில் வளர்ப்போர் சுமையைக் குறைக்கத் தென்னைநார்க் கழிவையும் மண்புழு உரத்தையும் பயன்படுத்துவர். குழித்தட்டு இல்லாதவர்க்குத் தேங்காய்ச் சிரட்டையும் உடைந்த மண்சட்டியும் உதவும். அடியில் துளை இருத்தல் மட்டும் இன்றியமையாதது. விதையை அதன் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் இட்டால் போதும். ஆழம் மிகுந்தால் சேமிப்பு உணவு தீரும்வரை முட்டியும் முளையால் மேலே வர இயலாது. கீரைவிதையின் மேல் மண்ணை மெல்லத் தூவினால் போதும்.

நாற்றங்காலில் பெரும் இழப்பு நேர்வது அன்பின் மிகுதியால்தான் என்று கூறலாம். நாள்தோறும் இருமுறை நீரை ஊற்றிக் கலவையைச் சேறாக்கிவிட்டால், பிதியம் என்னும் நுண்ணுயிர் தண்டின் அடியைத் தாக்கும். முந்தின மாலை நிமிர்ந்து நின்ற நாற்றுகள் மறுநாள் காலையில் அடி சூம்பிச் சாய்ந்து கிடக்கும். இதனை நாற்றழுகல் என்பர். வந்தபின் மருந்தில்லை என்னும் அளவுக்கு விரைவானது இது. நெருக்கமாக விதையாதிருத்தல், காற்றோட்டம், மேல்மண் சற்று உலர்ந்தபின் நீர் தெளித்தல் ஆகியன முன்காப்பு. வேளாண் துறையினர் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்யப் பரிந்துரைக்கின்றனர். வீட்டளவில் ஒரு சிட்டிகை போதும். சிறிது அரிசிக்கஞ்சியோடு சேர்த்துப் பிசறி நிழலில் உலர்த்தவேண்டும். 3 விழுக்காடு பஞ்சகவ்வியக் கரைசலில் 20 நிமிடம் ஊறவைத்து விதைப்போரும் உளர்.

முளைத்த நாற்றுக்கு ஒளி குறைந்தால் தண்டு மட்டும் நீண்டு வெளுத்து மெலியும். ஆகவே, முளை தெரிந்த அன்றே தட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவருதல் வேண்டும். கத்தரி நாற்றை 30 முதல் 35 நாள்களிலும், மிளகாய் நாற்றை 40 நாள் அளவிலும் பிடுங்கி நடலாம். நடுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்னிருந்தே நீரைக் குறைத்தும் வெயிலைச் சிறிது சிறிதாகக் கூட்டியும் நாற்றைப் பழக்கவேண்டும். நடவு மாலையில் நிகழ்வது நன்று. ஓரிரவு குளிர்ச்சி கிடைத்தால் வேர் பற்றிக்கொள்ளும்.

எவ்விதை, யாருடைய விதை

விதையை எங்கே பெறுவது என்பதில்தான் வீட்டுத் தோட்டத்தின் போக்கு அடங்கியிருக்கிறது. ஓர் ஊரில் தலைமுறைகளாகப் பயிரிடப்பட்டு அம்மண்ணுக்குப் பழகியவை நாட்டுவகைகள். ஆய்வுநிலையங்கள் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து மேம்படுத்தியவை உயர்விளைச்சல் வகைகள். இவ்விரண்டின் விதையையும் எடுத்துவைத்து மீண்டும் விதைத்தால் தாயைப் போன்ற செடியே வளரும். வேறுபட்ட இரு தாய்வழிகளை ஆண்டுதோறும் கலந்து பெறுவது வீரிய ஒட்டுவிதை. அது முதல் தலைமுறையில் ஒரே சீராகவும் மிகுதியாகவும் காய்க்கும். அதன் பழத்திலிருந்து எடுத்த விதை முளைக்காது என்பது பரவலான தவறான எண்ணம். அது முளைக்கும், ஆனால், பண்புகள் பிரிந்து, ஒரு செடி ஒருவிதமாகவும் மற்றொன்று வேறுவிதமாகவும் காய்க்கும். எனவே, ஒட்டுவகையை விரும்புவோர் ஆண்டுதோறும் விதை வாங்கியாக வேண்டும். சந்தைக்கு விளைவிப்போர்க்கு அச்செலவு கட்டுப்படியாகலாம். நான்கு செடி வளர்க்கும் வீட்டுக்கு நாட்டுவகையே பொருந்தும்.

நாட்டுவகையும் ஆய்வும் பகைகள் அல்ல. பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட பி.கே.எம். 1 தக்காளி, தேனிப் பகுதியின் அன்னஞ்சி என்னும் உள்ளூர் வகையிலிருந்து பெறப்பட்டதே. உள்ளூர் வகையை யாரோ ஒரு தோட்டத்தில் காத்துவந்ததால்தான் ஆய்வாளர் கைக்கு அது எட்டியது. வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்கும் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் இதழ்த்தொப்பியிலும் முள் உள்ள கத்தரி பறிப்பவர் விரலைக் குத்தும். சுவையின் பொருட்டு அதைப் பொறுத்துக்கொண்டவர்களே அவ்வகையை இன்றுவரை கொண்டுவந்து சேர்த்தனர்.

ஒரு நாட்டுவகை அழிவதற்குப் பெரும் பேரிடர் தேவையில்லை. ஒரு தெருவில் ஒரே வீட்டில் மட்டும் எஞ்சியிருக்கும் அவரையை அவ்வீட்டார் இரண்டு மூன்று ஆண்டுகள் விதையாமல் விட்டால் போதும். பரணில் விதை இருக்கும், உயிர் இராது. அதன் பெயரைச் சொல்லவும் நாளடைவில் எவரும் இரார்.

தெரிந்து தெளிவோம்

பயிர்களின் தாயகங்களைத் தேடி உலகெங்கும் பயணம் செய்து விதைகளைத் திரட்டியவர் உருசிய அறிவியலாளர் நிக்கொலாய் வாவிலோவ். கத்தரியின் தாயகம் இந்தியப் பகுதி எனக் கணித்தவர்களுள் அவரும் ஒருவர். அவர் திரட்டிய விதைகள் லெனின்கிராடு நகரில் இருந்தன. 1941 முதல் 1944 வரை அந்நகர் முற்றுகையிடப்பட்டபோது, அங்கிருந்த ஆய்வாளர் பலர் பசியால் மடிந்தனர். தம் பொறுப்பிலிருந்த நெல்லையும் கோதுமையையும் அவர்கள் உண்ணவில்லை. வாவிலோவ் 1943இல் சிறையில் உயிர்நீத்தார்.

நார்வே நாட்டின் சுவால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2008இல் திறக்கப்பட்ட உலக விதைக்காப்பகத்தில் விதைகள் கழி 18 டிகிரி செல்சியசில் வைக்கப்பட்டுள்ளன. சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகிலிருந்த விதைவங்கி போரினால் இயங்க இயலாமற்போனபோது, முன்னர் ஒப்படைத்திருந்த விதைகளை 2015இல் அங்கிருந்து திரும்பப் பெற்றனர். அவற்றை லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கிய பின், 2017இல் ஒரு பகுதியை மீண்டும் காப்பகத்துக்கே அனுப்பினர்.

உறைகுளிரில் உறங்கும் விதை அழியாமல் இருக்கும். மாறும் மழையையும் ஏறும் வெப்பத்தையும் அது அறியாது. ஆண்டுதோறும் மண்ணில் விழுந்து எழும் விதையே அவற்றுக்கு ஈடுகொடுக்கப் பழகும். ஆதலால் காப்பகமும் தோட்டமும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகா. விதையை எடுத்துவைக்கவும், விதைக்கவும், பிறரோடு பரிமாறவும், வணிகப்பெயர் இடாமல் விற்கவும் உழவர்க்குள்ள உரிமையை இந்தியாவின் பயிர்வகைகள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2001 உறுதிசெய்கிறது.

விதையை மீண்டும் பெறுதல்

விதைக்கெனக் காயை விடுவதற்குச் செடியைத் தேர்தல் முதற்பணி. நோயற்று, நன்கு காய்த்து, அவ்வகைக்குரிய வடிவமும் சுவையும் உடைய செடியைத் தேர்ந்து, அதில் நல்ல காய்களைப் பறிக்காமல் விடவேண்டும். சமையலுக்கு நல்லவற்றைப் பறித்துவிட்டு, கடைசியில் எஞ்சிய சூம்பற்காயை விதைக்கு விடுவது பல வீடுகளில் காணும் வழக்கம். சில ஆண்டுகளில் அவ்வகை மெலிந்துபோவதற்கு அதுவே காரணம்.

தக்காளியும் அவரையும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவன. ஆகவே, விதை கலப்பதற்கு வாய்ப்புக் குறைவு. கத்தரியிலும் வெண்டையிலும் பூச்சிகளால் ஓரளவு கலப்பு நேரும். கொடிவகைகளில் தேனீயும் அந்துப்பூச்சியும் மகரந்தத்தைக் கொண்டுசெல்வதால், அருகருகே இருவகைச் சுரை இருந்தால் அடுத்த ஆண்டுக் காய் இரண்டுமாக இராது. இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. சுரைப்பூ மாலையில் மலரும். அன்று மலரவிருக்கும் ஆண், பெண் மொட்டுகளைப் பிற்பகலிலேயே நூலால் கட்டிவிட்டு, அந்தி சாய்ந்ததும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் சூல்முடியில் தடவி, பெண் பூவை மீண்டும் கட்டிவிட வேண்டும். பூசணிக்கு இதையே விடியற்காலையில் செய்யவேண்டும். அதன் பூ காலையில் மலர்வது.

பழுத்த தக்காளியின் சாற்றோடு விதையைப் பிழிந்து ஓரிரு நாள் புளிக்கவிட்டால், விதையைச் சூழ்ந்த வழுவழுப்பு நீங்கும். அலசும்போது நல்ல விதை அடியில் தங்கும். கத்தரியைச் செடியிலேயே மஞ்சளாகும்வரை விடவேண்டும். வெண்டை பழுப்பேறி வெடிக்கும் நிலையில் பறிக்கப்படும். பீர்க்கும் சுரையும் கொடியிலேயே காய்ந்து, குலுக்கினால் ஒலிக்கவேண்டும். பாகல் விதையைச் சுற்றியுள்ள செந்நிறச் சதையைச் சாம்பலில் பிசைந்து நீக்குவர்.

இவ்விதைகளின் ஆயுளைக் குறைப்பவை ஈரமும் வெப்பமும். விதையிலுள்ள ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது விதையியலில் வழங்கும் கணக்கு. முன்னோர் இக்கணக்கை எழுதிவைக்கவில்லை, செய்கையில் வைத்திருந்தனர். காலை இளவெயிலில் உலர்த்திய விதையைச் சாம்பலோடு கலந்து சுரைக்குடுக்கையில் இட்டு, அடுப்புப் புகை படும் பரணில் கட்டித் தொங்கவிட்டனர். சாம்பல் ஈரத்தை உறிஞ்சும். புகை வண்டை விலக்கும். பூசணி, சுரை விதைகளைப் பசுஞ்சாணத்தில் பதித்து வரட்டியாகச் சுவரில் தட்டிவைத்து, பட்டம் வந்ததும் அப்படியே பிட்டு ஊன்றினர். இன்று அடுப்பும் பரணும் மாறிவிட்டன. உலர்ந்த வேப்பிலையோ நொச்சியிலையோ இட்ட காற்றுப்புகாத கண்ணாடிக் குப்பி அப்பணியைச் செய்யும்.

குப்பியின் மேல் ஒரு சீட்டு ஒட்டப்படவேண்டும். அதில் வகையின் பெயர், விதை எடுத்த மாதம், முதல் விதையைத் தந்தவரின் ஊர் ஆகிய மூன்றும் இருத்தல் நலம். பங்குனி பிறக்கும்போது, தையில் ஊன்றிய வெண்டையில் நான்கைந்து பறிப்பு முடிந்திருக்கும். அப்போது நேராக வளர்ந்த ஒரு செடியைத் தேர்ந்து, அதன் இரண்டு காய்களில் வண்ணநூல் கட்டிவிடுவர். நூல் கட்டிய காயை வீட்டிலுள்ள எவரும் பறிப்பதில்லை.